ஹைர்ஹானின் கன்று

பாம்பு வருஷத்து வசந்தத்தில், வியாபாரிகள் வெள்ளாட்டு ரோமத்தின் விலையைக் குறைத்த அதே வாரத்தில், எங்கள் வட்டத்துக்குத் தெற்கே இருக்கும் மலை கன்று ஈன்றது. ஊரில் ரோம விலையைப் பற்றித்தான் பேச்சு அதிகம். மலை ஈனுவது எங்களுக்குப் புதிதில்லை. மேற்கே வரிசையாக நிற்கிற குன்றுகள் எல்லாம் அதன் பழைய ஈற்றுகள்தான். கூட்டுப்பண்ணைக் காலத்தில் பிறந்த ஒன்றை மட்டும் யாரோ ஒரு மேற்பார்வையாளர் சுவர் கட்ட எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சுவர் இன்றைக்கும் மழை வருவதற்கு முன்னால் முனகுகிறது. இந்த முறை பிறந்தது ஒரு கொழுத்த செம்மறியின் அளவு, தாயைப் போலவே இளஞ்சிவப்பு கிரானைட். காலையில் பார்த்தபோது ஈரமாக, இளஞ்சூடாக, தாயின் அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. முதல் மூன்று நாள் அதை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காதது போல.

மலைக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அதன் கண்ணெதிரில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, ஹைர்ஹான் என்றுதான் சொல்ல வேண்டும். இரக்கமுள்ளது என்று அர்த்தம். எங்கள் வட்டத்தில் எங்கே நின்றாலும் மலை தெரியும். அதனால் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் வாய்ப்பே வரவில்லை, பாதிப் பேருக்கு மறந்தும் போய்விட்டது. வெயிலும் பனியும் மாறி மாறி அடித்ததில் பாறைகள் தகடு தகடாகப் பிளந்து, மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். தெற்கு முகத்தில் ஆள் உயரத்தில் ஒரு குழி. அதில் எந்தக் கோடையிலும் ஒரு கரண்டித் தண்ணீர் இருக்கும், கண் வலி வந்தவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள். அதை மலையின் கண் என்போம். அந்தக் கண்ணுக்குக் கீழே, மலையின் மடியில், தாரிமாவின் குளிர்காலப் பட்டி இருந்தது.

தாரிமாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. லாரிக்கு பேட்டரி வாங்கி வருகிறேன் என்று தலைநகருக்குப் போன புருஷன் திரும்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவள் அந்த லாரியின் கதவுகளைக் கழற்றிப் பட்டிக்குப் படலாகக் கட்டிவிட்டாள். ஒட்டகங்கள், வெள்ளாடுகள், சுருட்டு, உரத்த குரல்: இவைதான் அவள் சொத்து. பயம் என்பதை அவள் முகத்தில் நாங்கள் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறோம், அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு ஆறு வருஷம் முன்னால் வெள்ளைப் பஞ்சம் வந்தது. புல்லெல்லாம் பனிக்கட்டிக்கு அடியில் போய், வட்டத்தில் பாதி உயிர்கள் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தன. அந்தக் குளிரில் ஹைர்ஹான் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இருட்டியதும் அதைத் திரும்ப விட்டது, பட்டியில் பனி உருகிச் சேறானது. தாரிமா ஆள் விட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். மடியில் இடமிருந்த மட்டும் அடுத்தவர் ஆடுகளும் படுத்தன. அதில் எங்கள் வட்டத் தலைவர் கோம்போவின் ஆடுகளும் உண்டு.

கன்று பிறந்த அதே வருஷம், கோடை தொடங்கியதும், கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தலைநகரத்து வங்கிகளுக்குப் படிக்கட்டும் தரையும் வேண்டுமாம், எங்கள் மலையின் நிறம் அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். மலையைச் சுற்றிச் சிவப்புத் தலை வைத்த எல்லை முளைகளை அடித்தார்கள். முளைகளுக்குள் இருப்பதெல்லாம் கம்பெனிக்கு, வெளியே இருப்பதெல்லாம் பழையபடி காற்றுக்கும் ஆட்டுக்கும் என்று கோம்போ விளக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தின் கூரை மூன்று வருஷமாக ஒழுகியது. மேலிடத்தில் கேட்டுக் கேட்டு அவருக்கு நாக்கு வறண்டிருந்தது. கூரை போட்டுத் தருகிறோம் என்று கம்பெனி சொன்னதும் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் கலாச்சார மன்றத்தில் எங்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்.

பாதிப் பேர் தரையைப் பார்த்தோம். தாரிமா மட்டும் எழுந்தாள்.

“கோம்போ அண்ணே, வெள்ளைப் பஞ்சத்துல உங்க ஆடுங்க எங்க படுத்திருந்துச்சு? பேங்க் படிக்கட்டுலயா?”

“அது கல்லு, தாரிமா. கல்லுக்கு நன்றி சொல்லிக்கிட்டே இருந்தா, பிள்ளைங்க தலை மேல கூரை யாரு போடுவா?”

“கூரை போடுங்க, வேணாங்கல. அதுக்காக வீட்டு நடுத்தூணையா உருவுவீங்க? சரி, என்னைக்கு வெடி?”

புல் காய்கிற மாசம், முதல் சனிக்கிழமை என்றார் கோம்போ. அதற்குள் அவள் பட்டியைக் காலி பண்ண வேண்டும் என்றும் சொன்னார்.

“பண்ணிட்டாப் போச்சு. ஆனா போறப்ப என் உயிருங்க எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுத்தான் போவேன். அந்த மலையும் என்கூட வரும். உங்க வெடியைக் காத்துக்கு வச்சுக்கங்க.”

மன்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். கோம்போ சிரிக்கவில்லை, அவரும் ஒட்டகம் மேய்த்த குடும்பத்தில் பிறந்தவர்தானே. நகராமல் அடம்பிடிக்கிற தாய் ஒட்டகத்தை யாரும் அடித்து ஓட்டுவதில்லை. கன்றைக் கம்பளியில் சுற்றி முன்னால் போகிற ஒட்டகத்தின் மேல் ஏற்றினால் போதும், தாய் தானாகப் பின்னால் வரும். தாரிமா எதை நினைத்துச் சொன்னாள் என்பது அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது.

அங்கேதான் அவர் தவறு செய்தார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு. எங்கள் பக்கத்தில் உயிரினத்துக்குப் பத்திரம் கிடையாது, சூட்டுக்குறிதான். அடுத்தவன் குறி போட்ட கன்றை ஓட்டிக்கொண்டு போனால் அது திருட்டு. எனவே தாரிமா மந்தையோடு கிணற்றுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கோம்போ தன் அப்பாவின் சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டு போய், சாண நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அந்தக் கல்லின் தொடையில் தன் குடும்பக் குறியை வைத்து அழுத்தினார். பிறை நிலாவும் அதன் கீழே ஒரு கோடும். கல் புகைந்தது, மயிர் கருகும் வாசனை வட்டம் வரைக்கும் வந்தது. அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். பால்குடிக் கன்றுக்கு யாரும் கோடையில் சூடு போட மாட்டார்கள். இலையுதிர் காலம் வரும்வரை காத்திருந்து, தீயில் பால் தெளித்து, காயத்தில் வெண்ணெய் தடவி, விருந்து வைத்து அதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கருகின வாசனையில் தாய்க்குத் தன் கன்றையே அடையாளம் தெரியாது, ஒதுக்கிவிடும்.

தாரிமா திரும்பி வந்து குறியைப் பார்த்தாள். கோம்போவின் ஏழு தலைமுறையையும் வரிசை தவறாமல் திட்டினாள், ஆனால் பின்வாங்கவில்லை. மறுநாள் காலையிலேயே கல்லைக் கம்பளியில் சுற்றி, தன் மூத்த ஒட்டகத்தின் மேல் கட்டினாள். போலீஸ்காரர் பைக்கில் வந்து, இது தலைவர் குறி போட்ட கன்று அக்கா, திருட்டாகிவிடும் என்றார். “புடிச்சுட்டுப் போ. தொண்டிப் பொருளை எந்தக் கொட்டகையில கட்டி வைப்ப? பின்னால அதோட அம்மாவும் வரும்” என்றாள். அவர் தலையைத் தூக்கி மலையின் உயரத்தைப் பார்த்துவிட்டு, டீ குடிக்க வேண்டும் என்று போய்விட்டார். தாரிமா கயிற்றைப் பிடித்து நடந்தாள். இடம்பெயர்கிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் எல்லை முளைகளைத் தாண்டும்வரை பார்க்கவில்லை. தாண்டியபின் பார்த்தாள். ஹைர்ஹான் இருந்த இடத்திலேயே இருந்தது.

முகாமிலிருந்த கம்பெனி ஆட்கள் விசிலடித்தார்கள். அது பரவாயில்லை. எங்கள் ஆட்களும் சிலர் விசிலடித்தார்கள், அதுதான் கொடுமை. அவள் கன்றோடு திரும்பி வந்தபோதுதான் கவனித்தாள், தெற்கு பார்த்திருந்த மலை இப்போது வடக்கு பார்த்திருந்தது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் கண் காய்ந்து, அடியில் உப்புத்தான் இருந்தது. கன்றைக் கீழே இறக்கினாள். நடுப்பகல் வெயிலிலும் அது சில்லென்று இருந்தது. கம்பளியை உதறினாள், உள்ளே ஒரு கைப்பிடி இளஞ்சிவப்பு மணல். தாய் ஒதுக்கிய கன்று எப்படிப் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், கல் கன்று மணலாகிப் போகும். அன்றைக்குத்தான் தாரிமாவின் முகத்தில் பயத்தைப் பார்த்தோம்.

அதன் பிறகு அவள் மலையைப் பற்றிப் பேசவில்லை. கன்றைக் கூடாரத்துக்குள்ளேயே அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் பால் தடவினாள், மாலையில் மணலைக் கூட்டி ஒரு பையில் சேர்த்தாள். ஒன்றும் குறையக் கூடாது என்றாள். பை கனத்துக்கொண்டே போனது, கன்று ஆட்டுக்குட்டி அளவுக்கு இளைத்தது. கோம்போ ஒரு நாள் குதிரையில் வந்து வாசலில் இறங்காமலேயே நின்றார்.

“விட்டுரு தாரிமா. நான் செஞ்சது தப்புதான். ஆனா நடந்தது நடந்துபோச்சு. உனக்கு வேற பட்டிக்கு இடம் தரேன், நல்ல இடம்.”

“குதிரையை விட்டு இறங்காம மன்னிப்புக் கேக்குறதை எங்க கத்துக்கிட்டீங்க அண்ணே? உங்கப்பா இருந்தா சாட்டையைப் புடுங்கி உங்களையே அடிச்சிருப்பாரு. போங்க, எனக்கு அந்த இடம்தான் வேணும், அந்த மலைதான் வேணும்.”

தாய் ஒதுக்கின கன்றைத் திரும்ப ஒட்டவைக்க ஒரே வழிதான் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். பிடில் வேண்டும், பாட்டு வேண்டும். குதிரைத்தலைப் பிடிலை ஒட்டகத்தின் திமிலில் மாட்டி, காற்றை முதலில் வாசிக்கவிட்டு, பிறகு ஒருவர் வாசிக்க இன்னொருவர் தாயின் விலாவைத் தடவிக்கொண்டே ஹூஸ், ஹூஸ் என்று பாட வேண்டும். பாட்டில் வேறு வார்த்தையே கிடையாது. கல் மனசு கொண்ட ஒட்டகமும் கடைசியில் கண்ணீர் விட்டுக் கன்றுக்கு மடியைக் கொடுக்கும். தாரிமாவுக்குக் குரல் இருந்தது. பிடில் அவள் தம்பி நம்ஸ்ராயிடம் இருந்தது. நம்ஸ்ராய் கம்பெனியில் சேர்ந்து வெடிமருந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சேர்ந்த அன்றே, உன் நிழல்கூட என் வாசலில் விழக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்னவளுக்கு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியாது. அவனும் அதே வயிற்றில் பிறந்தவன்.

சனிக்கிழமை வந்தது. பொறியாளர் புரெவ் தலையில் மஞ்சள் தொப்பியோடு முளைக்கருகே நின்றார், துளை போட்டு முடித்திருந்தார்கள், சைரனும் தயார். தாரிமா கன்றை மடியில் வைத்துக்கொண்டு மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லியும் எழவில்லை. வெடிமருந்து லாரி வந்தது, ஆனால் முகாமுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே வெட்டவெளியில் நின்றுவிட்டது. நம்ஸ்ராய் இறங்கினான், சாவியைப் பூட்ஸுக்குள் போட்டான், இருக்கைக்குப் பின்னாலிருந்து பிடிலை எடுத்தான். எல்லோரும் பார்க்க, புழுதியில் மெதுவாக நடந்து வந்தான்.

“உனக்காக வரல. கன்னுக்காக வந்தேன்.”

“உன்னை யாரு கேட்டா? பிடிலை மாட்டு. வெயில்ல நின்னு மூஞ்சியைக் காட்டிக்கிட்டிருக்காத.”

“ஒல்லியாயிட்ட அக்கா.”

“நீ குண்டாயிட்ட. கம்பெனிச் சோறு. மாட்டுடா.”

பிடிலை நீலப்பட்டுத் துணியால் பாறை முனையில் கட்டித் தொங்கவிட்டான். காற்று வந்தது. கம்பிகள் தாமாக உறுமின, முதலில் தயக்கமாக, பிறகு விடாமல். அவன் அதைக் கழற்றி வாசிக்க ஆரம்பித்தான். தாரிமா சேர்த்து வைத்த மணலில் பால் விட்டுப் பிசைந்து, சூட்டுக்குறியின் மேல் பூசினாள். பிறகு கன்றைத் தாயின் அடியில் வைத்து, பாறையின் விலாவில் கன்னத்தை வைத்து, தடவித் தடவிப் பாடினாள். ஹூஸ், ஹூஸ். புரெவ் கடிகாரத்தைப் பார்த்தார், சாவியைக் கேட்டு ஆள் அனுப்பினார். போனவன் எங்கள் ஊர்க்காரன். பாட்டு நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்பதால் அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவதாக அனுப்பியவனும் அப்படியே. சாயங்காலம் ஆவதற்குள் கம்பெனியின் கூலியாட்கள் எல்லோரும் மலையடியில் உட்கார்ந்து ஹூஸ் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விசிலடித்தவர்கள் முன் வரிசையில் இருந்தார்கள். வெட்கமாக இருந்தது எங்களுக்கு, ஆனாலும் பாடினோம்.

சூரியன் சாய்கிற நேரத்தில் மலை மெல்லத் திரும்பியது. கண் ஊறியது. முதலில் ஒரு கரண்டி, பிறகு நிரம்பி, பாறையின் முகத்தில் கோடு போட்டு இறங்கி, கன்றின் மேல் விழுந்தது. தாரிமா கன்றைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. “அம்மா வந்துட்டாடி” என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்பளியைக் கொண்டுவரச் சொன்னாள். இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும்.

நம்ஸ்ராய் கன்றை ஒட்டகத்தின் மேல் கட்டினான். தாரிமா கயிற்றைப் பிடித்தாள், இந்த முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹைர்ஹான் ஒட்டகம் எழுவது போலவே முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி எழுந்தது. மேலிருந்து கொஞ்சம் சரளை கொட்டியது, அவ்வளவுதான். சுமை ஏற்றிய கூட்டம் போகிற வேகத்தில் முளைகளைத் தாண்டி, புரெவின் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு, வட்டத்தின் கடைசி வீடுகளை ஒட்டி வடமேற்கே போனது. பிறந்து வெகுநாளான பழைய குன்றுகள் நின்ற இடத்திலேயே நின்றன, வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான்.

இடம்பெயர்ந்து போகிற குடும்பம் நம் வாசலைக் கடந்தால், கெட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சூடான உப்பு டீ கொடுக்க வேண்டும். கொடுக்காத வீட்டை வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தலைவரும் போலீசும் வாசலில் நிற்கிறார்கள், யார் முதலில் வருவது? கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கெட்டில் கோம்போவின் வீட்டிலிருந்துதான் வந்தது. அவர் மனைவி செவெல் கையைப் பிடித்து அவர் தடுத்தார்.

“உள்ள போ. கம்பெனிக்காரங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும். கண்ணு முன்னால குடும்பம் பொறப்பட்டுப் போகுது, டீ குடுக்காம கதவைச் சாத்திக்க என்னால முடியாது. நம்ம ஆடுங்க அதோட மடியிலதான் பொழைச்சுது. கையை விடுங்க.”

விட்டுவிட்டார். செவெல் தாரிமாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள், நம்ஸ்ராய்க்கு ஒரு கிண்ணம், பிறகு கெட்டிலைத் தூக்கி மலையின் பாதத்தில் கொஞ்சம் தெளித்தாள். அதற்கப்புறம் எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தார், போலீஸ்காரர் வந்தார், அன்று காய்ச்சிய பால் எல்லாம் தீர்ந்தது. மலை இருந்த இடத்தில் மறுநாள் போய்ப் பார்த்தோம். ஈர மண், இரண்டு லாடம், ஒரு துருப்பிடித்த கரண்டி, சின்ன வயதில் கோம்போ உருட்டி விளையாடித் தொலைத்த ஆட்டுக் கணுக்கால் எலும்புகள். சுற்றிலும் சிவப்பு முளைகள், நடுவில் ஒன்றுமில்லை. கம்பெனி வழக்குப் போட்டது. நீதிபதி வரைபடத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒத்தி வைத்தார், இன்னும் ஒத்திவைத்தபடியேதான் இருக்கிறது. கூரையை நாங்களே சேர்ந்து போட்டோம். ஒரு மூலை கோணல், ஆனால் ஒழுகவில்லை. ஏணியின் உச்சியில் நின்று ஆணி அடித்தவர் கோம்போ. அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் குதிரையை விட்டு இறங்கி தாரிமாவின் வாசலுக்கு நடந்து போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, வெண்ணெய் கொண்டுபோனார் என்று மட்டும் செவெல் சொன்னாள். கன்றின் தொடையில் பிறையும் கோடும் இன்னும் இருக்கின்றன, பாசி படர்ந்து பாதி மறைந்துவிட்டன.

பிறகும் கம்பெனிகள் வராமல் இல்லை. வேறு பெயர், வேறு தொப்பி. முளைகளை அடிக்கிறார்கள், தாரிமா கம்பளியை உதறுகிறாள். கன்று இப்போது கூடாரத்தைவிடப் பெரிதாகிவிட்டது, ஒட்டகத்தில் ஏற்ற முடியாது, கயிற்றைக் காட்டினால் தானாக நடக்கிறது. போன மாசம் ஒரு மத்தியானம் புது முகாமில் தென்கிழக்கே புழுதியைப் பார்த்ததும், சமையல் செய்கிற எங்கள் ஊர்ப் பெண் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். லாரிக்காரர்கள் பாதையிலேயே எஞ்சினை அணைத்தார்கள். போகிற குடும்பத்தின் குறுக்கே வண்டி ஓட்டக் கூடாது. தலைநகரிலிருந்து புதிதாக வந்த பொறியாளர், யாருக்கு இவ்வளவு டீ என்று கேட்டார். குடும்பம் ஒன்று இடம் மாறிப் போகிறது என்றாள் அவள். எத்தனை பேர் என்றார்.

“மூணு பேரு சார். தாரிமா அக்கா, ஹைர்ஹான், அதோட கன்னு. தொப்பியைக் கழட்டிட்டு அந்தக் கிண்ணத்தைப் புடிங்க, ஆறிடப் போகுது.”

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தைப் பிடித்தார்.